குதிரைப் பசிக்காரர்

பசிக்கிறது என்பதை ஹார்ஸ் அண்ணனைப் போல் பிரமாதமாகச் சொல்ல, பழவேற்காடு ஏரியைச் சுற்றி எந்த ஊரிலும் ஆள் பிறக்கவில்லை. நமக்கெல்லாம் பசித்தால் வயிற்றுக்குள் எலி ஓடும். மிஞ்சிப் போனால் உயிர் போகும். அவருக்கோ ஒரு முழுக் குதிரை வேண்டும்.

பூநாரை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவது அவர் தொழில். நாம் கையை நெற்றியில் வைத்துத் தேடும் தூரத்தில், பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைக்கூடச் சொல்லிவிடுவார். அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. வெயிலில் வாடித் திரும்பும் வெள்ளைக்காரர்கள் புலம்புவதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததில், பசிக்கும் தாகத்துக்கும் மட்டும் அவரிடம் ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். மற்றபடி ஏபிசிடியே தகராறு.

படகு கரை தட்டுவதற்குள் மேரியக்காவின் டீக்கடையை நோக்கிக் குரல் வந்துவிடும்.

"மேரி! ஐ குட் ஈட் எ ஹார்ஸ்!"

"இன்னாண்ணா சொல்ற?"

"ஒரு குதிரையையே துன்னுடுவேன்னு அர்த்தம்."

"குதிரை இல்ல, வடைதான் கீது. கம்முனு துன்னு."

முதல்முதலாக அப்படிக் கத்திய நாளிலிருந்து அவர் ஹார்ஸ் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

எங்கள் கரையில் சவாரி முறை வைத்துத்தான் போகும். தன் முறையை முடித்து இறங்குகிறவர், காத்திருப்பவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். மீனுக்கு ஐஸ் விற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் பங்குண்டு. ஹார்ஸ் அண்ணன் புது வசனம் எடுத்துவிட்டால் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. டீயில் சர்க்கரை இரட்டிப்பு, கூடவே ஒரு கலர் சோடா. பரிசாம்!

மனிதர் விடுவாரா? ஸ்டார்விங் என்றார். டையிங் ஆஃப் தர்ஸ்ட் என்றார். ஒருநாள் இந்த ஏரியையே குடித்துவிடுவேன் என்று இங்கிலீஷில் முழங்கினார்.

"உப்புத் தண்ணிண்ணா, வாந்தி வரும்" என்றேன்.

"வரட்டும்பா. மொதல்ல தாகம் அடங்கட்டும்."

கரையே சிரித்தது. அன்றைக்கு இரண்டு சோடா.

போகப்போக நடிப்பும் ஜோராகிவிட்டது. சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூச்சு வாங்க இன்னொன்று கேட்பார். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். "இவ்ளோ துன்னும் உடம்புல ஒட்டலியேண்ணா" என்றார் மேரியக்கா. "குதிரை துன்றவன் குதிரை மாதிரி ஓடணும் மேரி, தொப்பை ஆவாது" என்றார். அதற்கும் சிரித்தோம்.

ஒரு காலையில் சென்னைக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனவர், தூரத்து வெள்ளையைக் காட்டி "பூநாரைக் கூட்டம்!" என்று உற்சாகமாகப் படகை விட்டிருக்கிறார். கிட்டே போனால், வலையில் கட்டிய தெர்மாகோல் துண்டுகள். படகில் சிரிப்பு, கதை கரைக்கு வந்ததும் இங்கேயும் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மெய்யாலுமே பறவையாத்தான்பா தெரிஞ்சுது" என்றார்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறி, கண்ணைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது.

"அடங்காத பசி, அடங்காத தாகம் இருந்திருக்குமே பெரியவரே? யார்கிட்டயும் சொல்லலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொல்லிக்கினேதான் சார் இருந்தேன். தெனம் கத்திச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்திருந்தாலாவது தேவலை. நாங்கள் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த சோடா ஒவ்வொன்றும் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

படகை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். ஹார்ஸ் அண்ணன் மேரியக்கா கடை பெஞ்சில், சர்க்கரை போடாத டீயோடு உட்கார்ந்திருக்கிறார். கரையேறுகிற யாராவது ஸ்டார்விங் என்று சொல்லிவிட்டால் போதும், கையைப் பிடித்துக்கொள்வார். "மெய்யாலுமே பசியா சார்? எதுக்கும் ஒரு தபா டெஸ்ட் பண்ணிக்க சார்."

அவருக்கு இங்கிலீஷ் நின்றுபோய்விட்டது. தாகமெடுத்தால் "தண்ணி குடு மேரி" என்கிறார், அதுவும் மெல்ல. அந்த மெல்லிய குரலுக்கே நாங்கள் ஆளுக்கொரு டம்ளரோடு ஓடுகிறோம்.

இன்னும் ஒரே ஒரு முறை அவர் அந்தக் குதிரையைக் கேட்கட்டும். எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.