மந்தி இறங்கினால் கரடி ஏறும்

ஒரு காட்டில், சிங்கராஜா யாரையும் கேட்காமல் மலைக்கு மின்சார ரயில் விட்டுவிட்டார். இரண்டு தண்டவாளம், இரண்டு ரயில். ஒன்றைக் கரடி சடையாண்டி ஓட்டியது, மற்றதை மந்தி மருதாயி ஓட்டியது.

சடையாண்டிக்கு அந்த வேலை என்றால் உயிர். அதற்கு முன்னால் வயிற்றுப்பாட்டுக்காகக் கறையான் புற்றைத் தோண்டி, மூக்கெல்லாம் கடிபட்டுக் கிடந்த ஜீவன் அது. இப்போது தலையில் தொப்பி, வாயில் விசில். மான்கள்கூட நின்று வணக்கம் வைத்தன.

மின்சாரச் செலவைக் கேட்டதும் சிங்கராஜாவுக்குப் பிடரி சிலிர்த்துக்கொண்டது. இந்த மாதம் செலவு குறையாவிட்டால் ரயிலுக்கு மூடுவிழா, கரடி பழையபடி புற்றுக்கே போகலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சடையாண்டிக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

பயம் வந்தால் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. மலையிறங்கும் ரயில் பிரேக் போடும்போது அதன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி மேலே இருக்கும் கம்பிக்குள் அனுப்புகிறது என்பதைச் சடையாண்டி கண்டுபிடித்தது. அந்த நேரம் பார்த்து இன்னொரு ரயில் ஏறினால், அந்த மின்சாரத்திலேயே பாதி மலை ஏறிவிடலாம். எந்த ரயிலும் ஏறாவிட்டால் அத்தனையும் வீண். மருதாயியோடு பேசிவைத்து இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின. செலவு சட்டென்று குறைந்தது. நல்ல யோசனை, அதோடு விட்டிருக்கலாம்.

விட்டால் நரி எதற்கு மின்சார அதிகாரியாக இருக்கிறது? அது உடனே உத்தரவு போட்டது. எதிர் ரயில் இறங்கத் தொடங்காமல் எந்த ரயிலும் ஏறக்கூடாது. எதிர் ரயில் ஏறத் தொடங்காமல் எந்த ரயிலும் இறங்கக்கூடாது.

மறுநாள் காலை அடிவாரத்தில் தொப்பியோடு உட்கார்ந்து, உச்சியிலிருந்த மருதாயிக்குச் சடையாண்டி போன் போட்டது.

"கிளம்பிட்டியாம்மா?"

"நீங்க கிளம்புங்கண்ணே, நான் உடனே கிளம்பிடுறேன்."

"நீ கிளம்புனாத்தான் நான் கிளம்பலாம்."

"எனக்கும் அதேதாண்ணே உத்தரவு."

இரண்டும் வேலை போய்விடுமோ என்று பயந்த ஜீவன்கள். மாதம் முழுக்க இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டன. பயணிகள் திட்டிக்கொண்டே நடந்துபோனார்கள். ஆமை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மாதக் கடைசியில் செலவு பூஜ்யம். சிங்கராஜா பூரித்துப்போனார். சடையாண்டிக்கு ஆயுள் முழுக்க வேலை நிரந்தரம், மலை உச்சியில் விழா வைத்துச் சிறந்த ஓட்டுநர் பதக்கம் என்று அறிவித்தார்.

சடையாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதக்கம் வாங்க நடந்தே மலை ஏறியது. பாதி வழியில் பசி காதை அடைத்தது. பாதையோரம் ஒரு கறையான் புற்று இருந்தது. தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது. மூக்கில் விழுந்த கடி பழைய கடிதான், சீருடை மட்டும் புதுசு.

நீதி: ரயில் ஓடினால்தான் மின்சாரம் செலவாகும். பயணிகளுக்குக் கால் இருக்கிறது. பாம்புகள் மட்டும் மனுக் கொடுக்கலாம்.