இரண்டு ஹால் டிக்கெட்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் உங்கள் தங்கையும் என் மகளும் சேர்ந்து என்னவோ மறைக்கிறார்கள் என்பதால், நலத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது. இருபத்தெட்டு வருஷமாகப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருப்பவன் நான். திருட்டு முழி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மகள் மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்ததிலிருந்தே கூத்துதான். அவள் நோட்டைத் திறந்தால் உங்கள் தங்கை கையெழுத்து. கேட்டால், "குறிப்பு எடுத்துக் குடுத்தேன்"னு பதில். சர்க்கரை டப்பா மூடிக்குள் இதயத்தின் படம். அடுப்படியில் வாய்க்குள்ளேயே என்னவோ முணுமுணுப்பு. போன மாதம் மேசைமேல் இரண்டு ஹால் டிக்கெட் கிடந்தது. விடுவேனா? தேதி பார்த்தேன், முத்திரை பார்த்தேன், எல்லாம் சரி. ஒன்று நகலாக இருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தேர்வு நாளில்தான் வசமாக மாட்டினார்கள். வாசலில் சோதனை போடுவார்கள் என்று மகள் தோட்டைக் கழற்றினாள், சரி. உங்க தங்கச்சி காதும் மூளியா இருக்கு! "பிள்ளைக்குத் துணையா கழட்டினேன்"ங்கிறா. தண்ணி வாங்கிட்டு வந்து பார்த்தா ஆளையே காணோம். மூணு மணி நேரம் வெயில்ல நின்னேன் மச்சான். கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணா வந்து, இயற்பியல் கஷ்டம்னு பேசிக்கிறாங்க. இவளுக்கு என்ன கஷ்டம்? பரீட்சைக்கே போகாம ரெண்டு பேரும் எங்கேயோ சுத்திட்டு வந்திருக்காங்கன்னு அப்பவே பிடிச்சுட்டேன்.

நேற்று முடிவு வந்தது. ஒருத்தி அழறா, ஒருத்தி சிரிக்கிறா, மார்க்கை மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க. "எங்க வீட்டுல ஒரு டாக்டர் வரப்போறாங்க"ன்னு டெப்போ முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நிஜமாவே பயமா இருக்கு மச்சான். உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையை நிற்க வைத்துக் கேளுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். அவர்கள்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இதைத் தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார். அழுதது நான்தான். உன் மருமகளின் மார்க்குக்கு இடம் கிடைக்காது. அவளுக்கு அதில் ஆசையும் இல்லை, எனக்காகத்தான் சிரித்தாள். என் மார்க்குக்குக் கட்டாயம் கிடைத்துவிடும் அண்ணா. டாக்டர் வருவது உறுதி, ஆள்தான் வேறு. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீயே வந்து சொல்லு. அந்த டிக்கெட்டில் என் முகம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. தேதி பார்த்தார், முத்திரை பார்த்தார்.