பம்பு அறைக் கூரையும் நாலு புகாரும்

மழை நின்று பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்படியும் பம்பு அறையின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பம்பை ஓட்டும் மோட்டார்காரர் அண்ணாந்து பார்த்துத் திட்டித் தீர்த்தார்.

சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு. அது நனைந்தால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் ஆறு தெருவுக்குத் தண்ணீர் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் அவர் கையில் அது ஒருநாள்கூட நின்றதில்லை.

மழையில் ஒழுகியபோது அவர் ஆபீசுக்கு எழுதிய முதல் புகாருக்கு, கூரையில் பூச்சு அடிக்க வந்து சேர்ந்தவர்தான் இந்தக் கான்ட்ராக்டர்.

"ரெண்டு கோட்டிங் அடிச்சாச்சுண்ணே."

"எங்க அடிச்ச, உன் வீட்டுக் கூரையிலயா?"

"மேல வந்து பாருங்க, விஷயம் புரியும்."

"முட்டி தேஞ்சவன் ஏணி ஏற மாட்டான்னுதானே கூப்பிடற? போய்யா!"

அன்றே இரண்டாம் புகார் போனது: 'கூரை இன்னும் ஒழுகுகிறது.'

மறுநாள் மூன்று இடத்தில் ஒழுகியது. வாளி வைத்தார், அது நிரம்பி வழிந்தது. மூன்றாம் புகாரில் கான்ட்ராக்டரைத் திருடன் என்றே எழுதினார்.

அதற்கு மறுநாள் ஓட்டை ஏழானது. போர்டுக்கு மேலே தார்ப்பாய் கட்டினார். தண்ணீர் தேங்கித் தேங்கி அது தொப்பை போட்டது. குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். தார்ப்பாய் கிழிந்து, அத்தனை தண்ணீரும் போர்டில் கொட்டியது. 'டப்!'

மோட்டார் நின்றது.

"பத்தொன்பது வருஷ மானத்த ஒரு பூச்சுக்காரன் வாங்கிட்டானே!"

நாலாம் புகாரைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார். எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தபோது, கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் பெண் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"இதோட தொலைஞ்சீங்க! இந்தப் புகார் பெரிய ஆபீசருக்கே போகுது!"

அவள் பதறிப்போனாள். "ஐயா, வேண்டாங்கய்யா! புகார் வந்தா கூரை மேல தண்ணி கட்டி, எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்னு ஆபீஸ் உத்தரவு. முதல் புகாருக்கு நாலு விரல் கட்டினோம், ரெண்டாவதுக்கு ஒரு சாண், மூணாவதுக்கு முழங்கால். இதையும் அனுப்பிடாதீங்க, எனக்கு நீச்சல் தெரியாது!"