ஒரு ஸ்டார் போட்டால் வீட்டுக்கே வருவார்

காரைக்குடியில் ஒரு பொருளை இனாமாகக் கொடுத்துவிட்டு, அதற்காக வீடு வீடாகப் போய்த் திட்டும் வாங்கி வந்த ஒரே மனிதர் அப்டேட்தான்.

உண்மைப் பேர் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. எதைக் குறை சொன்னாலும், "அடுத்த அப்டேட்ல சரியாயிரும்ணே" என்பார். அந்தப் பேரே நின்றுவிட்டது. கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை. மீதி நேரத்தில் டவுன் பஸ்ஸுக்கு ஒரு ஆப் செய்தார். எந்த பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும். விளம்பரம் கிடையாது. காசு கிடையாது. பஸ் வரும் நேரம் தெரிந்ததும் சனம் ஆட்டோவை மறந்தது. எனக்கு நல்ல அடி.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு புண்ணியவான், "வேஸ்ட். அழிச்சிருங்க" என்று எழுதி ஒரு ஸ்டார் போட்டார். அப்டேட் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு நாற்பது வரியில் பதில் எழுதினார். அதைப் படித்த இன்னொருவர், "பதில் ரொம்ப நீளம்" என்று ஒரு ஸ்டார் போட்டார்.

நேரில் போய்க் கேட்பது என்று முடிவெடுத்தார். ஊர் சின்னது. பேரைச் சொன்னால் எந்தத் தெரு, யார் வீடு என்று ஸ்டாண்டில் சொல்லிவிடுவோம். ஞாயிறு காலையில் வந்து என் ஆட்டோவில் ஏறினார்.

"பஸ்லயே போகலாமே தம்பி. நேரமெல்லாம் கையில வச்சிருக்கீகளே?"

"சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரணும்லண்ணே."

நான் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

முதலில் சாக்கோட்டை. ஒரு விவசாயி வீடு. மனிதர் நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார்.

"நீங்கதான் ஒரு ஸ்டார் போட்டீகளாண்ணே?"

"ஆமா தம்பி."

"ஆப்ல என்ன குறை?"

"பஸ்ல உக்கார எடமில்ல."

"அதுக்கு ஆப் என்னண்ணே செய்யும்?"

"பஸ்காரனத் திட்ட எடமில்லையே தம்பி. நீங்கதான் எடம் விட்டிருந்தீக."

அப்டேட் காப்பியைக் குடித்து முடித்தார்.

அடுத்து வலையபட்டி மீனா அக்கா. கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போகிறவர். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆப்பில் எழுத்து பொடிசாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்றார். அப்டேட் போனை வாங்கி எழுத்தைப் பெரிசாக்கினார். அதோடு விட்டாரா? மூவாயிரம் குட்மார்னிங் படத்தை அழித்தார். கேஸ் சிலிண்டர் பதியச் சொல்லிக் கொடுத்தார். மலேசியாவில் இருக்கும் மகனை வீடியோவில் காட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டாரை மாத்திர்றேன் தம்பி" என்றார்.

மாற்றவில்லை. மறுவாரம் அதே தெருவில் இன்னும் ஆறு பேர் ஒரு ஸ்டார் போட்டார்கள்.

அப்டேட் போனார். ஆறு போனையும் துடைத்து வைத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் பக்கத்துத் தெரு. ஆள் உழைக்க உழைக்க ஸ்டார் இறங்கியது.

"நம்ம ஆப்ப ஊரே வெறுக்குதுண்ணே" என்றார் பின்சீட்டிலிருந்து. நான் ரோட்டைப் பார்த்தேன்.

எனக்குக் காரணம் தெரியும். ஒருநாள் சவாரியில் மீனா அக்காவே சொன்னார். "அஞ்சு ஸ்டார் போட்டா யாரு வர்றா? ஒண்ணு போட்டா ஆளே வந்துருது. தங்கமான புள்ள."

இதை அப்டேட்டிடம் நான் சொல்லவில்லை. ஆப் போனால் என் சவாரி திரும்பும். இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவர் ஆப்பிலேயே அறிவித்தார். சராசரி இரண்டுக்குக் கீழே போனால் ஆப்பை எடுத்துவிடுவேன் என்று. மறுநாள் ஐந்து பேர் ஒரு ஸ்டார் போட்டு எழுதினார்கள்: "எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

சராசரி கீழே போய்விட்டது. அப்டேட் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் போன். ஷேவ் செய்யாத முகம்.

"அமுக்கப் போறேண்ணே. ஒரே அமுக்கு. முடிஞ்சுது."

அந்த முகத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மீனா அக்கா சொன்னதையும், நான் சொல்லாமல் இருந்ததையும்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப ஆப்ல குறையே இல்லையாண்ணே?"

"ஏன் இல்ல? சாக்கோட்டை பஸ் நீங்க காட்டுற நேரத்துக்கு என்னைக்கு வந்துச்சு?"

"அது பஸ்ஸோட குறை!"

"சனத்துக்கு எல்லாம் ஒண்ணுதான் தம்பி."

அரைமணி நேரம் சண்டை. சவாரிக்கு வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸில் போனார்கள். சண்டை முடிந்தபோது போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த அப்டேட்டில் ஒரு பட்டன் வைத்தார். "என்னை வரச்சொல்ல ஸ்டார் வேண்டாம், இதை அமுக்குங்க." ஸ்டார் ஏறியது. பட்டன்தான் தேய்ந்திருக்கும்.

போன ஆடியில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆப் ஓடுகிறது. அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார். பட்டனை அமுக்கினால் போனில் பேசுகிறாராம்.

நான் அந்த ஆப்பை வைத்துக்கொண்டதே இல்லை. போன வாரம் இறக்கினேன். ஒரு ஸ்டார் போட்டேன். என்ன குறை என்று கட்டம் போட்டுக் கேட்டிருந்தது. காலியாக விட்டேன்.

நேரில் வந்து கேட்கட்டும்.