அச்சேறிய கூரை

உண்மை என்னும் அரும்பொருள் இவ்வுலகிற்கு இரண்டே இடங்களிலிருந்து வழங்கப்படுகிறது. ஒன்று, பரலோகம். மற்றொன்று, சித்தூர் ஜில்லாவில் புத்தூருக்கு அடுத்த சீயோன்பேட்டையில், லுத்தரன் சபை வட்டாரத்தின் மாதப் பத்திரிகையாகிய 'சீயோன்பேட்டை எக்காள'த்தின் ஆசிரியர் மேசை. பரலோகமாவது ஓரிரு சமயங்களில் மனஸ்தாபப்பட்டு, சொன்ன தீர்ப்பை மாற்றிக்கொண்டதற்கு வேதத்தில் சான்று உண்டு. எக்காளத்தில் அந்தப் பலவீனம் கிடையாது. 'திருத்தம்' என்னும் தலைப்பு அதன் பக்கங்களை ஒருநாளும் தீண்டியதில்லை.

இப்பெருமைக்கு உரியவர் திருவாளர் எர்னஸ்ட் தேவசகாயம் அவர்கள். மிஷன் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவும் அவரே. சபைக் கமிட்டியின் காரியதரிசியும் அவரே. எக்காளத்தின் ஆசிரியரும் அவரே. மூன்று பதவிகளையும் ஒரே கறுப்புக் கோட்டுக்குள் அடக்கிக்கொண்டு, பாறையே வெடிக்கும் அவ்வூர் வெயிலில் அவர் நடந்து செல்வதைக் காண்போர் தாமாகவே குடையை மடக்கிவிடுவர்.

எக்காளம் சென்னையில் அச்சாயிற்று. அச்சுக்கூடத்தார் நாடக நோட்டீசுகளை அடித்து முடித்த பின்னரே நற்செய்தியின் பக்கம் திரும்புவார்கள். அச்சான பிரதிகளோ கப்பலேறி, நன்கொடை அனுப்பும் சீமை அன்பர்களின் கைகளை உரிய காலத்தில் அடையவேண்டும். ஆகையால் அக்டோபர் இதழை ஆகஸ்டிலேயே எழுதி முடிப்பது அவசியமாயிற்று. சாமானிய ஆசிரியன் இதைக் கண்டு திகைத்திருப்பான். எர்னஸ்ட் திகைக்கவில்லை. நடக்கவேண்டியவற்றை நடந்தவையாகவே எழுதியனுப்பினார். அதன்பின் அச்சோடு ஒத்து நடந்துகொள்ளவேண்டியது நிகழ்ச்சிகளின் கடமை.

பெரும்பாலும் அவை ஒத்து நடந்தன. ஒரு கிளைச் சபையில் மூப்பர் ஒருவர் கடும் நோயுற்றிருந்தார். அவருக்குரிய இரங்கற்குறிப்பு காலந்தவறாமல் எழுதப்பட்டது. மனிதர் பிழைத்துக்கொண்டார். இதழ் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையன்று ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த அவரைப் பார்த்துச் சபையார் முகஞ்சுளித்தனர். அடுத்த தேர்தலில் அவர் பெயரை எவரும் முன்மொழியவில்லை. வட்டாரத்தில் நிலவிய ஒழுங்கு அத்தகையது.

இந்த ஒழுங்கிற்குள் ஒரு கூரை வந்து நுழைந்தது.

வரதய்யபாளையத்துக்கு அப்பால் ஓடைமேடு என்னும் சிறு குடியிருப்பு. காணி நிலமும் இல்லாத கூலிக்காரக் குடும்பங்கள். அங்கே நான்கு மண்சுவர்களை எழுப்பிச் சபையார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பழைய கூரை மட்கி விழுந்துவிட்டது. 'மழைக்கு முன் புதுக்கூரை வேய்வது' என்று கமிட்டி தீர்மானித்தது. எர்னஸ்ட் அன்றைக்கே எழுதினார்: "ஓடைமேட்டுப் பள்ளிக்கு அழகிய புதுக்கூரை வேயப்பட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அக்டோபர் இதழ் வந்தது. ஆலயத்தில் விசேஷ நன்றி ஏறெடுக்கப்பட்டது. கூரைக்கென வாங்கிய மூங்கிலும் ஓலையும், கூரைதான் போட்டாயிற்றே என்பதால், சீமையிலிருந்து வந்த மிஷன் துரையவர்களின் வரவேற்புப் பந்தலுக்குச் சென்றன.

பந்தல் மிக நன்றாக அமைந்தது.

இதழ் வந்த வாரத்திலேயே ஓடைமேட்டு ஆசிரியை கிருபாவதி, வண்டியும் ரயிலுமாக மாறி மாறி வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"தோத்திரம் ஐயா."

"தோத்திரம்மா. வா, வா. புதுக்கூரை எப்படி இருக்குது?"

"அதத்தான் ஐயா நானும் கேக்க வந்தேன். எங்க கீது?"

எர்னஸ்ட் புன்னகை செய்தார். "எக்காளத்துல பாக்கலியா? நாலாம் பக்கம்."

"நாலாம் பக்கத்துல கீது ஐயா. நாலு செவுத்து மேல இல்ல."

எர்னஸ்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சில் இருக்கும் பொருள் வெளியில் இல்லாமற்போவது அவர் அனுபவத்தில் புதிதன்று. அதை ஒருவர் ரயிலேறி வந்து சொல்வதுதான் புதிது.

"ஐயா, மண்ணு செவுரு. மழ வந்தா கரைஞ்சி பூடும். செல்லியம்மா இப்பவே சொல்லிக்கினு கீறா: மேல ஓல கூட இல்லாத பள்ளிக்கோடத்துக்கு எம்பொண்ண எதுக்கு அனுப்பணும், மணியக்காரரு ஊட்டு மாட்ட மேய்ச்சா கூழாச்சும் ஊத்துவாங்கன்னு. அவ ஒருத்தி நிறுத்துனா மத்தவங்களும் நிறுத்திடுவாங்க. அந்தச் சனத்துல பலக புடிச்ச மொத தலமொற ஐயா இது. உட்டா மறுபடியும் புடிக்க முடியாது."

விஷயம் கமிட்டிக்குச் சென்றது. அக்கிராசனர் போதகர் ஆர்தர். அவர் படுக்கையில் தும்மினாலும் பிரசங்கத் தமிழில்தான் தும்முவார்.

"கூரைக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தியாயிற்று" என்றார் போதகர். "இப்போது கூரை இல்லை என்போமாகில், செலுத்திய நன்றியைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்?"

சபைச் சட்டதிட்டங்கள் புரட்டப்பட்டன. நன்றியைத் திரும்பப் பெறுவதற்கு விதி இல்லை.

"சத்தமில்லாம ஒரு கூரை போட்டுட்டா?" என்று மெல்லக் கேட்டார் மூப்பர் இன்பசேகரன். அவர் நல்ல மனிதர். அதனால் கமிட்டியில் அவர் பேச்சு எடுபடுவதில்லை.

"ஒரு பள்ளிக்கு ரெண்டு கூரையா?" என்றார் எர்னஸ்ட். "மத்த ஊர்க்காரங்க கேட்டா என்ன பதில் சொல்றது?"

போதகர் கையை உயர்த்தினார். "சகோதரரே, நாம் யார்? லுத்தரன் சபையார். நம் முன்னோர் எதற்காகப் போராடினர்? கிரியையினால் அன்று, விசுவாசத்தினாலேயே என்பதற்காக. மூங்கில், ஓலை, கயிறு ஆகிய இவையெல்லாம் யாவை? கிரியைகள். கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்பது ரோமாபுரியார் வழக்கம். ஓடைமேட்டுக் கூரை விசுவாசத்தினால் நிற்கும் கூரை."

கமிட்டி மெய்சிலிர்த்தது. வாசலில் நின்றிருந்த கிருபாவதிக்கு மட்டும் சிலிர்க்கவில்லை.

"அப்டின்னா ஐயா, மழையும் விசுவாசத்துல பேஞ்சா தேவல. அது கிரியையால்ல பேயுது."

பெண்பிள்ளை வேதசாஸ்திரம் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் கமிட்டி நியாயமானது. கூரையை நேரிற் பார்வையிட இன்பசேகரன் மூப்பர் நியமிக்கப்பட்டார்.

அவர் சென்றார். பார்த்தார். ஒன்றும் தென்படாமையால், ஒருவேளை கீழிருந்து பார்ப்பதால்தான் தெரியவில்லையோ என்னும் மனச்சாட்சியின் உறுத்தலால் சுவர்மேல் ஏறினார். சுவர் உதிர்ந்தது. மூப்பரின் வலக்கை முறிந்தது. எலும்பு முறிந்தவர்கள் நாலா திசையிலிருந்தும் புத்தூர்க் கட்டுக்காக வண்டி கட்டிக்கொண்டு வருகையில், அந்தப் புத்தூரை அண்டையில் வைத்திருக்கும் வட்டாரத்தில் மூப்பராயிருப்பது எத்தனை பெரிய கிருபை! பச்சிலையும் மூங்கிற் பட்டையும் வைத்துக் கட்டிய கையோடு அவர் கமிட்டியின்முன் நின்றார்.

"எதைப் பார்க்க ஏறினீர்?" என்று கேட்டார் போதகர்.

"கூரையப் பாக்கத்தான்."

"எங்கிருந்து விழுந்தீர்?"

"மேலருந்து. ஆனா ஐயரே, அது வெறுஞ் செவுத்து மேலருந்து…"

"சுவருக்கு மேல் இருப்பதற்குப் பெயர் என்ன?"

இன்பசேகரன் யோசித்தார். கை வலித்தது. "கூரைதான்" என்றார்.

"இல்லாத கூரையிலிருந்து ஒரு மனுஷன் விழக்கூடுமோ?"

எர்னஸ்ட் பதிவு செய்தார்: "மூப்பர் அவர்கள் கூரையைப் பார்வையிட ஏறி, மேலிருந்து விழுந்தார். கூரை இருப்பது இதனால் ஊர்ஜிதமாகிறது."

ஐப்பசி பிறந்து, கீழ்த்திசையில் மேகம் கறுக்கத் தொடங்கிய நாளில் கிருபாவதி மறுபடியும் வந்தாள். திருப்பதிக்குச் சென்று திரும்புவோர் நெருக்கியடித்த ரயிலில் நின்றுகொண்டே வந்தவள்.

"ரயிலு பூரா மொட்டத் தல ஐயா. வேண்டிக்கினாங்களா, முடிய குடுத்தாங்களான்னு தலையப் பாத்தாலே தெரியுது. நம்மளுதுதான் காகிதத்தப் பாத்தாத்தான் தெரியுது" என்றவள், எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சரி ஐயா. நான் தோத்துட்டேன். கூர கீது. அழகான கூர. ஆனா போன வாரம் அடிச்ச காத்துல பறந்து பூச்சி. புதுசு வாணாம். ரிப்பேருக்கு மட்டும் ஓல குடுங்க."

எர்னஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று. இத்தகைய மூளை இந்த வட்டாரத்தில் தம் ஒருவருக்கே உள்ளது என்றல்லவா இதுகாறும் எண்ணியிருந்தார்! பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவை மெதுவாக வைத்தார்.

"முடியாதும்மா. டிசம்பர் இதழ் முந்தாநாள்தான் போச்சு. 'இவ்வாண்டு தேவகிருபையால் புயல் இல்லை, பெருங்காற்று இல்லை'ன்னு எழுதிட்டேன். புயலுக்கு இடமில்லை."

"எங்க ஐயா எடமில்ல? வானத்துலயா?"

"எட்டாம் பக்கத்துல."

கிருபாவதி எழுந்து மேசையருகே வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஐயா, ஒரே ஒரு வரி போடுங்க. 'ஓடைமேட்டுப் பள்ளிக்கு இன்னும் கூரை போடல.' அத்த படிச்சா சீமையில கீறவங்களாச்சும் கேப்பாங்க. கேட்டா கமிட்டி போடும். ஒரு வரிக்கு நாப்பது புள்ளைங்க படிப்பு ஐயா."

எர்னஸ்ட் தேவசகாயம் கல்நெஞ்சர் அல்லர். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். 'திருத்தம்' என்று மேலே எழுதினார். அதன்கீழே அந்த வரியை எழுதினார். எழுதும்போதே உண்மையாக இருந்த ஒரு வாக்கியத்தை அவர் கை எழுதியது அதுவே முதன்முறை. வாக்கியம் பார்ப்பதற்கு அரைகுறை ஆடையோடு நிற்பதுபோல் இருந்தது. ஸ்தோத்திரம் இல்லை, மகிழ்ச்சி பொங்கவில்லை, துரையவர்களின் பெயரும் இல்லை. இதைப் படித்தால் மற்றவற்றைக் குறித்தும் அன்பர்கள் கேட்கத் தொடங்குவார்களே என்னும் எண்ணம் எழுந்தது. கேள்வி என்பது ஓரிடத்தில் நிற்கும் பிராணி அன்று.

தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "ஜெபத்துல வச்சிருக்கேன்மா" என்றார்.

நவம்பர் மாதத்தில் 'கூரைப் பிரதிஷ்டை' நடைபெறும் என்று அக்டோபர் இதழின் 'வருங்காரியங்கள்' பகுதி அறிவித்திருந்தது. அறிவித்ததை நடத்தாமல் விடுவது பொய்யாகிவிடும். எக்காளம் பொய் சொல்லாது. ஆகவே குறித்த ஞாயிற்றுக்கிழமையன்று கமிட்டியார் வண்டி கட்டிக்கொண்டு ஓடைமேட்டுக்கு எழுந்தருளினார்கள்.

மழை முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

நான்கு சுவர்களுக்கு நடுவே கமிட்டியார் குடைகளை விரித்துக்கொண்டு நின்றனர். பிள்ளைகள் வரிசையாக நனைந்துகொண்டு நின்றனர். கிருபாவதி தன் முந்தானையைக் கரும்பலகையின்மேல் போர்த்திப் பிடித்திருந்தாள்; எழுதியிருந்தது அழியாமலிருக்க வேண்டுமே. போதகர் வானத்தை நோக்கி இரு கரங்களையும் விரித்து, "இந்தக் கூரையை ஆசீர்வதியும்" என்றார். பிள்ளைகள் ஞானப்பாட்டுப் பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் மேற்குச் சுவர் பயபக்தியோடு முழந்தாளிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லியம்மா உள்ளே வந்தாள். மகளின் கையைப் பிடித்தாள்.

"வாடி ஊட்டுக்கு."

"ஜெபம் இன்னும் முடியலம்மா" என்றார் எர்னஸ்ட்.

"நீங்க முடிச்சிக்கினு வாங்க சாமி. எம்பொண்ணு நனையுது."

"கூரைப் பிரதிஷ்டை நடக்குது. பாதியில போகக்கூடாது."

"இன்னா கூர சாமி? அதான் ஆளுக்கு ஒரு கொட வச்சிக்கினு கீறீங்களே. அதுல ஒண்ணக் குடுங்க, நிக்கிறோம்."

குடை மிஷன் சொத்து. காரியதரிசி தம் இஷ்டப்படி அதை வழங்கிவிட இயலாது. அவர் அதை இன்னும் சற்று இறுகப் பிடித்துக்கொண்டார். செல்லியம்மா காறித் துப்பவில்லை, திட்டவில்லை, மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னே இன்னொருத்தி தன் பிள்ளையை அழைத்துக்கொண்டாள். பின்னே இன்னொருத்தி. ஆசீர்வாதம் கூறும் வேளையில் ஓடைமேட்டுப் பள்ளியில் கமிட்டியார் மட்டுமே எஞ்சியிருந்தனர். கரும்பலகையில் ஓர் எழுத்தும் எஞ்சவில்லை.

வண்டியில் ஏறப்போன எர்னஸ்டின் எதிரே வந்து நின்றாள் கிருபாவதி.

"ஐயா, இத்தயாச்சும் எழுதுவீங்களா? இன்னிக்கி நடந்தத?"

"எழுதியாச்சும்மா" என்றார் எர்னஸ்ட், மிகுந்த கனிவோடு. "நவம்பர் இதழ்லயே வந்துட்டுது. ரொம்ப நல்லா நடந்துது."

பிரதிஷ்டைச் செய்தி கண்டு சீமை அன்பர்கள் அகமகிழ்ந்து கடிதம் எழுதினார்கள். விசுவாசக் குறைவு காரணமாகக் கிருபாவதி வேலையினின்று நீக்கப்பட்டாள். இன்பசேகரன் மூப்பரின் கை கூடிவிட்டது, சற்றே கோணல், கமிட்டியில் வாக்களிக்கும்போது பாதிதான் உயரும்.

கூரைக்கு யாதொரு குறையும் இல்லை. வட்டாரத்துப் பள்ளிகளிலெல்லாம் ஒழுகுகிறது, சரிகிறது, பறக்கிறது என்று முறையீடுகள் வந்தவண்ணம் இருக்க, ஓடைமேட்டிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. ஆண்டறிக்கையில் எர்னஸ்ட் அதைப் பெருமிதத்தோடு குறிப்பிட்டார். அவர் எழுதியதில் எள்ளளவும் பொய்யில்லை. பிரதிஷ்டைக்குப் பின் அந்தக் கூரையின்கீழ் இன்றுவரை ஒரு பிள்ளையும் நனைந்ததில்லை. பிள்ளைகள் அனைவரும் மணியக்காரர் மாடுகளோடு வெளியில் நனைகிறார்கள்.