வெந்நீர்க் குளத்தில் மிதந்த மிளகு

அபி, கஜன், இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். (கஜன் தமிழ்ப் பள்ளியை நாலாம் வகுப்போடு விட்டவன். அபி, நீதான் அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.)

இந்தக் கதையை நீங்கள் கல்யாண வீடுகளில் சொன்னீர்கள். பிறந்தநாள் விழாக்களில் சொன்னீர்கள். போன மாதம் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் கஜன் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் எண்ணெயின் அளவு கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக நான் கேட்டபோது ஒரு முழுப் போத்தலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேனாம். அது பச்சைப் பொய். அரைப் போத்தல்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன், எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்கவேண்டாம். சிரிப்பதற்கு இதில் வேறு விஷயங்கள் நிறைய உண்டு. உங்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயங்களும் உண்டு.

அம்மாவின் ஆட்டத்திவசம், அதுதான் முதல் வருடத் திவசம், முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடம் எங்கள் வின்டர்தூர் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பிடும்போது நாங்கள் மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டோம். அம்மாவைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் மற்ற இருவரும் தண்ணீர் எடுக்க எழும்பிப் போனார்கள். முதலில் எழும்புகிறவன் நானாகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் நீங்கள் இருவரும் குசினிக்குள் அடுப்படியில் நின்று சுவிஸ் ஜெர்மனில் கதைத்துக்கொண்டு இருந்தீர்கள். அப்பாவுக்கு விளங்கக்கூடாது என்றால் அந்த மொழிக்கு மாறிவிடுவீர்கள். அபி சொன்னாள்: தூரத்து லோசான் நகர ஆஸ்பத்திரி வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், வேண்டாம் என்று சொல்லப் போகிறாள், கஜனும் வேலையிடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போகப் போகிறான், அப்பாவால் தனிய இருக்க ஏலாது, அவருக்குத் தன்னுடைய சொக்ஸ் அலுமாரியில் எந்த லாச்சிக்குள் இருக்கிறது என்றே தெரியாது.

(சொக்ஸ் விஷயம் உண்மை.)

பிள்ளைகளே, நான் முதலில் டாவோஸில் ஒரு ஹோட்டலிலும், பிறகு இங்கே ஒரு பெரிய உணவகத்திலுமாக முப்பது வருடம் தட்டும் சட்டியும் கழுவியவன். அத்தனை வருடம் அந்தச் சமையலறைகளில் நின்றவனுக்குச் சுவிஸ் ஜெர்மன் ஒழுங்காகப் பேச வராமல் இருக்கலாம். விளங்காமல் இருக்குமா? ஹோலில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். படித்த பிள்ளை, ஆசைப்பட்ட வேலை, என்னுடைய சொக்ஸுக்காகக் கைவிடப் போகிறாள்.

அப்போதுதான் கஜன் வெளியே வந்து, "அப்பா, சனிக்கிழமை மூண்டு பேரும் பாடனுக்குப் போவம். ரோமர் காலத்து வெந்நீர்க் குளிப்பு. உங்கட முதுகுக்கும் நல்லது" என்றான்.

உடனே முடிவெடுத்தேன். சனிக்கிழமை முழுவதும் நான் ஒரு குறையும் இல்லாத மனிதனாக நடந்துகாட்டுவேன். நேரத்துக்கு எழும்புவேன், என்னுடைய பையை நானே அடுக்குவேன், எதையும் "எங்க கிடக்கு?" என்று கேட்கமாட்டேன். அதைப் பார்த்து அபி மனம் மாறித் திங்கட்கிழமை 'ஓம்' என்று சொல்லவேண்டும். அந்த நாளிடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை. சுடுதண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்தால் எங்கள் ஊர் ஆளின் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் வரும். எண்ணெய் முழுக்கு.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் வைத்தது அம்மாதான். குசினி ஸ்டூலில் என்னை இருத்தி, பின்னால் நின்று உச்சியில் தேய்ப்பாள். எனக்கு முன்னால் சுவரில் கலண்டர். நான் அதில் விரதங்களை வாசித்துக்கொண்டு இருப்பேன். "தலையை ஆட்டாதேங்கோ" என்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு மிளகு, எவ்வளவு சூடு, ஒன்றும் தெரியாது. எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடந்த காரியங்கள்.

துக்கம் என்று ஒரு வருடம் எண்ணெய் வைக்கவில்லை. இப்போது திவசம் முடிந்துவிட்டது, வைக்கலாம். தனியாக இருக்கப் போகிற மனிதன் தன் தலைக்குத் தானே எண்ணெய் வைக்கத் தெரியாமல் இருக்கலாமா? நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். வடிக்கவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? உச்சியில் ஊற்றினேன். போதாதது போலத் தோன்றியது. ஒரு வருடம் காய்ந்து கிடந்த தலை, குடிக்கும் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தலை குடிக்கவில்லை. எண்ணெய் காது, கழுத்து, நெஞ்சு என்று இறங்கிப் போனது. போன போன இடத்தில் தேய்த்துவிட்டு, மேலே கம்பளித் தொப்பியையும் மாட்டிக்கொண்டேன்.

ரயிலில் அபி என்னையே பார்த்தாள்.

"அப்பா, ஏன் தொப்பி?"

"குளிருது."

"வெளியில வெயில் எறிக்குது. வேர்க்குதெல்லோ உங்களுக்கு?"

வேர்வை என்று அவள் நினைத்தது வேர்வை இல்லை. கஜன் மூக்கை உறிஞ்சி, "ஆரோ தோசை சுட்டுக்கொண்டு வந்திருக்கினம்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மாடுகளைப் பார்த்தேன்.

குளிப்பிடம் பழைய கட்டடம். கல் வளைவுகள், மங்கல் வெளிச்சம், அவித்த முட்டை மணம். உடுப்பு மாற்றும் இடத்தில் ஒரு அறிவிப்பு: முதலில் சோப் போட்டு உடம்பைக் கழுவவேண்டும். வாசித்தேன். விளங்கியது. ஆனால் எண்ணெய் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஊறவேண்டுமே! ரயில் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. அதனால் சட்டத்துக்கு மரியாதையாகக் காலை மட்டும் கழுவினேன்.

கொழுப்புச் சட்டியைச் சுடுதண்ணீருக்குள் இறக்கினால் என்ன நடக்கும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது எனக்குத்தான் தெரியும். முப்பது வருடம் அதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். என்றாலும் அன்றைக்கு நானே சட்டியாகிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

குளத்துக்குள் ஏழெட்டுச் சுவிஸ்காரர் கண்ணை மூடிக் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். நீங்கள் இருவரும் அந்தக் கரையில் நின்றீர்கள். நான் படியால் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் தலை முழுக முங்கி எழுந்தேன்.

இதைத்தான் உங்களுக்கு நான் சொல்லவில்லை. மூன்றாம் தரம் தண்ணீருக்குள் இருந்தபோது நான் அழுதேன். செத்தவீட்டில் அழவில்லை, திவசத்தில் அழவில்லை, அங்கேதான் அழுதேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஒரு வருடத்துக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

கண்ணைத் திறந்தேன். என்னைச் சுற்றி வானவில்.

மழைக்குப் பிறகு பெற்றோல் நிலையத்துத் தரையில் தெரியுமே, அந்த நிறங்கள் எல்லாம் ஒரு பெரிய வட்டமாக என்னிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. கையால் அள்ளிப் பிடிக்கப் பார்த்தேன். ஒரு வட்டம் நாலு வட்டமானது. அதில் ஒன்று வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாவின் கழுத்தைத் தொட்டது. அவர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மீசைக்காரர் ஒருவரின் நாடிக்குக் கீழே ஒரு மிளகு மிதந்து போனது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, பார்த்து, மணந்தும் பார்த்தார்.

கஜன் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "அப்பா, உங்களில இருந்து ஏதோ லீக் ஆகுது."

(கராஜில் வேலை செய்கிற பிள்ளை. சரியாகக் கண்டுபிடித்துவிட்டான்.)

"அப்பா, குளிச்சிட்டுத்தானே உள்ள வந்தனீங்கள்?" இது அபி.

"காலைக் கழுவினனான்."

"காலையோ?!"

விசில் ஊதியது. எல்லோரும் வெளியேறினார்கள். கரையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நின்று குளத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். குளத்துக்குப் பொறுப்பான பெண், என்னைவிட ஒரு முழம் உயரம், "இது என்ன?" என்று கேட்டார்.

அபி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். வைத்தியரிடமும் நகரசபையிலும் பத்து வயதிலிருந்து எனக்காக அவள்தான் பேசுகிறாள். அன்றைக்கு மட்டும் அவள் பேசிவிட்டால் லோசான் முடிந்தது. நான் கையைக் காட்டி அவளை மறித்துவிட்டு, எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொன்னேன்.

"எள்ளெண்ணெய். என்ர மனுசி செத்துப் போனா. அவதான் சனிக்கிழமையில எனக்கு எண்ணெய் வைக்கிறவ. இண்டைக்கு நானே வைச்சனான். அளவு தெரியேல்லை."

பழைய கல் மண்டபம். சொன்னதெல்லாம் ஒரு தரம் திரும்பக் கேட்டது.

குளத்தைக் கையால் காட்டி, "எனக்குக் கொழுப்பு எடுக்கத் தெரியும். குசினிப் பேப்பர் இருக்கோ?" என்று கேட்டேன்.

பிறகு நடந்ததைக் கஜன் சொல்லும்போது அரைவாசிதான் சொல்லுகிறான். அந்தப் பெண் ஒரு பெரிய உருளைப் பேப்பரோடு வந்தார். சூப்பில் கொழுப்பு எடுப்பது போலத்தான்: பேப்பரை அகலமாக விரித்து, தண்ணீரில் அமுக்காமல் மேலே படுக்கவிட்டு, மெல்ல இழுக்கவேண்டும். காட்டிக் கொடுத்தேன். நானும் அவரும் முழங்காலில் நின்று இழுத்தோம். நீங்கள் இருவரும் அந்தப் பக்கம் இழுத்தீர்கள். அரை மணித்தியாலத்தில் கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய் போய்விட்டது. என்றாலும் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும், இன்றைக்கு மூடுகிறோம் என்று அந்தப் பெண் சொன்னார். சத்தம் போடவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெள்ளைத் தொப்பி அம்மா கதவடியில் நின்று என்னை முறைத்துவிட்டுப் போனார். அது நியாயம்தான். மீசைக்காரர் மட்டும் கிட்ட வந்து, உள்ளங்கையை விரித்து, "இது உங்களுடையது" என்று மிளகைத் தந்தார். நீச்சல் காற்சட்டைக்குப் பொக்கற் இல்லை. கைக்குள் பொத்திக்கொண்டேன்.

இரண்டு தரம் சோப் போட்டுக் குளித்துவிட்டு வெளியே வந்தோம். ஆற்றங்கரையில் காசில்லாமல் கால் நனைக்க ஒரு சின்ன வெந்நீர்த் தொட்டி இருந்தது. கஜன் என் காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் விட அனுமதித்தான். மூன்று பேரும் வரிசையாக இருந்தோம். எல்லாம் கெட்டுவிட்டது, திங்கட்கிழமை அபி 'வேண்டாம்' என்று எழுதப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன்.

முதலில் கஜன்தான் சிரித்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அபியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டு இருந்தவள் அழத் தொடங்கினாள்.

"ஒரு வருசமா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. முன்பின் தெரியாத மனுசிக்கு அம்மாவைப் பற்றிச் சொல்லுறீங்கள்."

"ஜெர்மனில சொல்ல லேசாக் கிடந்தது, பிள்ளை."

பிறகு நான் சொன்னேன்: "லோசானுக்கு ஓம் எண்டு எழுது."

"அது... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குசினிக்குள்ள நீங்கள் கதைக்கிறது எனக்கு விளங்கும்."

கஜனின் முகம் வெளுத்துவிட்டது. "எப்ப இருந்து?"

"நீ ரெண்டாம் வகுப்பில படிக்கேக்க இருந்து."

அவன் தன் வாழ்க்கை முழுவதும் குசினிக்குள் கதைத்ததை எல்லாம் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. பாவம். (எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பி.)

"தனிய இருப்பீங்களோ அப்பா?" என்று அபி கேட்டாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும். இல்லை எண்டு பொய் சொல்லேல்லை. ஆனா உந்தக் குளத்தில எண்ணெய் எடுத்தவன் லாச்சிக்குள்ள சொக்ஸ் எடுக்கமாட்டனோ?"

திங்கட்கிழமை அபி 'ஓம்' என்று எழுதினாள். இலைகள் கொட்டத் தொடங்கியபோது போய்விட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அது இவ்வளவு சத்தமில்லாத விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது சாப்பிட்டு முடிந்தால் கழுவ ஒரு தட்டுத்தான். நான் கழுவியிருக்கிற கணக்கில் அது வேலையே இல்லை. இருந்தாலும் கழுவி முடிக்க நேரம் எடுக்கிறது.

சனிக்கிழமைகளில் கஜன் தவறாமல் ஃபோன் எடுத்து, "அப்பா, ஒயில் லெவல் என்ன?" என்று கேட்கிறான். லோசானிலிருந்து அபியும் அதையே எழுதுகிறாள். இரண்டு பேருக்கும் "மினிமம்" என்று பதில் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

அபி போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை காலையில் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயை மட்டும் அளந்து எடுத்தேன். அந்த மீசைக்காரர் தந்த மிளகை அதில் போட்டுக் காய்ச்சி, தேநீர் வடியால் வடித்தேன். ஸ்டூலை இழுத்துக் கலண்டருக்கு முன்னால் போட்டு இருந்து, உச்சியில் நானே தேய்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் காதுக்கு இறங்கவில்லை.

தலையை ஆட்டாமல் இருந்தேன்.