சோடி மிஸ்ஸும் மூன்று பேராசிரியர்களும்

மன்னார்த் தீவில் சோடி மிஸ்ஸுக்குப் பயப்படாதவை கழுதைகள் மட்டும்தான். மீனவர், முதலாளி, பேராசிரியர் எல்லாரும் அவரைக் கண்டால் சேர்ட் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டுமே பாவனைக்கு வரும்.

மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு கருவள ஆராய்ச்சி நிலையம் நடத்தின. பிள்ளையில்லாத தம்பதிகளைப் பரிசோதித்துக் காரணம் கண்டுபிடிப்பது நோக்கம். பேராசிரியர்கள் எப்போதாவது வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் நிலையம் என்றால் நிர்வாக அலுவலரான சோடி மிஸ்தான். நான் அவருக்குக் கீழே எழுதுவினைஞன்.

வந்த வேகத்திலேயே, காத்திருக்கும் அறைக் கதிரைகளையெல்லாம் பின்வளவுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய வாங்குகளைச் செய்வித்தார். தனியே வந்த பெண் அதில் இருந்தால் பக்கத்து வெற்றிடம் எல்லாரையும் பார்த்து முறைக்கும். மிஸ் அவளுக்குத் தேநீர் கொடுத்து, புருசனின் தொலைபேசி எண்ணை வாங்குவார். அவர் கடலில் நிற்கிறார் என்று பதில் வந்தால், ஆட்டோ பிடித்து இறங்குதுறைக்கே போய்விடுவார். சோடியாகத்தான் வரவேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தில் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

சிலாவத்துறைக் கருவாட்டு முதலாளி ஒருவர் மனைவியை வாசலில் விட்டுவிட்டு, வாகனத்தில் இருந்தபடியே சொன்னார்: "எனக்கு ஒரு குறையும் இல்ல மிஸ்."

"நல்லம். இறங்கி வாங்கோ, பரிசோதிச்சு அதை எழுத்திலயே தாறன்."

அவர் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாமியார் தன்னை மலடி என்று சொல்லி, மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக அந்த மனைவி அழுதார். அன்று மிஸ் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவேயில்லை.

அடுத்த கூட்டத்தில் பெரிய பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். ஆண்கள் வருகிறார்கள் இல்லை. ஆகவே ஆண்கள் பகுதியை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் ஆராய்வோம். மற்ற இரு பேராசிரியர்களும் தலையாட்டினார்கள்.

"அப்ப பெயர்ப்பலகையையும் மாத்துவம் சேர்," என்றார் மிஸ். "பொம்பிளையளில பழி போடும் நிலையம் எண்டு."

மிஸ்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது தன் கையில் இருப்பதைப் பேராசிரியர் நினைவூட்டினார். அதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம், தான் இங்கே இருக்கும்வரை அரை ஆராய்ச்சி நடக்காது என்றார் மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இறங்குதுறையில ஆம்பிளையள் என்னட்டக் கேட்டது ஒரு கேள்விதான் சேர். உங்கட பேராசிரியர்மார் பரிசோதனைக்குத் தங்கட மாதிரியைக் குடுத்தவையோ எண்டு. நான் என்ன சொல்ல?"

தனக்கு மூன்று பிள்ளைகள் என்றார் பேராசிரியர்.

"அப்ப பயப்பிட ஒண்டும் இல்லையே."

சொல்லிக்கொண்டே ஒரு சின்னப் போத்தலை மேசையில் வைத்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மற்றப் பேராசிரியர்கள் இருவரும் கோப்புகளுக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார்கள். பெரியவர் நெடுநேரம் அந்தப் போத்தலைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டு, பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவரைப்போல நிமிர்ந்து பரிசோதனை அறைக்கு நடந்தார். கதவு சாத்தப்படுமுன்னரே எங்கள் வாகனச் சாரதியின் காதில் தொலைபேசி ஏறிவிட்டது. பின்னேரத்துக்குள் இறங்குதுறைக்குத் தெரிந்துவிட்டது. நானாட்டான் வயல்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு, பிறகு மனைவிமாரோடு அமைதியாக. கருவாட்டு முதலாளியும் வந்தார். குறை அவரிடம்தான் இருந்தது, மருந்தில் சரிவரக்கூடியது. தாயிடம் அவரே சொல்லவேண்டும் என்று மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் தாயோடு நிறுத்தவில்லை. "பயப்பிடாம போங்கோ" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததால்தான் இதை என்னால் எழுதமுடிகிறது. வேறு பெண் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது.

மிஸ்ஸின் ஒப்பந்தமும் நின்றது. அவர் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. பெரிய பேராசிரியருக்குக் கைகொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அடம்பனில் ஒரு கால்நடைப் பண்ணையை நிர்வகிக்கிறார். பசு சினைப்படவில்லை என்று முறையிட யாராவது வந்தால், காளையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறாராம்.

சில சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறி அங்கே போவேன். என்ன அலுவல் என்று அதட்டுவார். தயிர் வாங்க வந்தேன் என்பேன். மன்னாரிலும் தயிர் விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒரு சட்டித் தயிர் எடுத்துவைத்திருப்பார்.